பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? புது பேட்டரி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. உடனே பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டி, கடையில் பழையதைக் கொடுத்துப் புதியதை மாட்டுகிறார்கள். பேட்டரியை மாற்றும்போது டெர்மினலைச் சுரண்டி இறுக்குவதால் வண்டியும் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. சில வாரம் கழித்து அதே ‘டக்’. பழுது பேட்டரியில் இருந்ததே இல்லை, டெர்மினலிலோ எர்த்திலோ (பாடி வழியாகக் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) இருந்திருக்கிறது.

குமரி மாவட்டத்தில் இப்படி நடக்க எல்லாக் காரணமும் உண்டு. நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை கடலோரம் முழுக்க உப்புக் காற்று. ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்து ஈரம். போதாக்குறைக்கு, வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்க, மாதக்கணக்கில் ஷெட்டிலேயே நிற்கும் கார்கள். அம்பாசிடர், பத்மினி, கார்புரேட்டர் மாருதி 800, ஆம்னி, மகிந்திரா ஜீப் எதுவானாலும், எலக்ட்ரிக்கல் பழுது என்றால் பாகத்தைச் சந்தேகிக்கும் முன் இணைப்பைச் சந்தேகியுங்கள்.

கையில் வேண்டியவை

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 8, 10, 13 ஸ்பேனர்கள், உப்புத்தாள், ஜம்பர் கேபிள் ஒரு ஜோடி, நல்ல ஸ்பார்க் பிளக் ஒன்று, கொஞ்சம் ஆப்ப சோடா. இவற்றோடு ஒரு டெஸ்ட் லாம்ப். கடையில் விற்கும் பேனா மாதிரி டெஸ்டரை விட நாமே செய்வது நல்லது: 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு நீள வயரை ஈயப்பற்று வைத்து, முனைகளில் முதலைக் கிளிப் மாட்டினால் போதும்.

மீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு? மீட்டர் கரண்ட் ஏறக்குறைய எடுப்பதே இல்லை. உள்ளே அரித்துப்போய் ஒரே ஒரு இழை மட்டும் மிச்சமிருக்கும் வயரிலும் அது 12 வோல்ட் காட்டும். 21 வாட் பல்பு கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். வயர் கெட்டிருந்தால் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

தொடங்கும் முன் கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்கு ஒரு கல். மோதிரம், வாட்ச், கைச்செயினைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் நொடியில் பழுத்துவிடும். பேட்டரியைக் கழற்றும்போது எர்த் பக்கம் முதலில், மாட்டும்போது அது கடைசியில். இப்போது ஓடும் வண்டிகளில் நெகட்டிவ்தான் எர்த். ஆனால் மிகப் பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு. எந்தக் கேபிள் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

முதலில் காதைக் கொடுங்கள்

சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பும்போது கேட்கும் சத்தமே பாதி வழியைக் காட்டிவிடும்.

‘டக டக டக’ என்று வேகமாக அடித்தால் சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்கு, அதாவது எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டாருக்கு, கரண்டை இணைக்கும் காந்த சுவிட்ச்) இழுக்கிறது, இழுத்ததும் வோல்டேஜ் விழுகிறது, விட்டுவிடுகிறது, திரும்ப இழுக்கிறது. பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் பிடிமானம் சரியில்லை.

ஒரே ஒரு கனமான ‘டக்’ என்றால் சொலினாய்டு வேலை செய்கிறது; செல்ஃப் மோட்டாருக்குப் போதிய கரண்ட் போகவில்லை, அல்லது மோட்டார் உள்ளே இறுகிக்கிடக்கிறது.

சத்தமே இல்லையென்றால் இக்னிஷன் சுவிட்ச், சொலினாய்டுக்குப் போகும் சிறிய வயர், அல்லது சொலினாய்டே.

‘விர்ர்’ என்று செல்ஃப் மட்டும் சுற்றி எஞ்சின் திரும்பவில்லையென்றால் பெண்டிக்ஸ் பல் (செல்ஃபின் முனையில் உள்ள பல்சக்கரம்) ஃப்ளைவீலில் கோக்கவில்லை. பழைய செல்ஃப்களில் பெண்டிக்ஸ் தண்டில் எண்ணெயும் கிளட்ச் தூசியும் சேர்ந்து பிசினாகிவிடுவதே பெரும்பாலும் காரணம். மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். எண்ணெய் விடாதீர்கள், திரும்பவும் தூசிதான் ஒட்டும்.

அடுத்து ஹெட்லைட்டைப் போட்டு, யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லி வெளிச்சத்தைப் பாருங்கள். அடியோடு அணைந்தால் பேட்டரி அல்லது டெர்மினல். கொஞ்சமும் மங்கவில்லையென்றால் செல்ஃபுக்குக் கரண்டே போகவில்லை. நன்றாக மங்கியும் எஞ்சின் அசையவில்லையென்றால் செல்ஃபோ எஞ்சினோ இறுகியிருக்கிறது. இறுகல் பல்லில் இருந்தால், சாவியை எடுத்துவிட்டு, டாப் கியர் போட்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளி அசைத்தால் விடுபடும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் எஞ்சினே பிடித்துக்கொண்டிருக்கலாம். கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்காமல் செல்ஃபை எரிக்க வேண்டாம்.

பேட்டரி: மூன்று அளவுகள்

இரவு முழுக்க நின்ற வண்டியில் ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சில நிமிடம் கழித்து அளவெடுங்கள். சார்ஜ் செய்து இறக்கிய உடனே பார்த்தால் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். 12.6 வோல்ட் முழு சார்ஜ். 12.2 ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்ற சோதனை. 10.5 பக்கத்தில் நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்திருக்க வாய்ப்பு மிகுதி. ஒரு செல்லின் அளவு 2.1 வோல்ட்.

மூடி திறக்கும் வகை பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) இன்னும் உண்மை பேசும். எல்லா செல்லும் ஒரேபோல் குறைந்திருந்தால் சார்ஜ் இல்லை என்று பொருள். ஒரு செல் மட்டும் மற்றவற்றை விட 0.050-க்கு மேல் இறங்கியிருந்தால் அந்தப் பேட்டரிக்குச் செலவழிக்காதீர்கள். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். கிணற்றுத் தண்ணீர், அதிலும் கடலோரக் கிணற்றுத் தண்ணீர், தகடுகளைக் கெடுத்துவிடும். சார்ஜ் ஏற்றும் அளவு பேட்டரி கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு: 35 ஏஎச் (ஆம்பியர் மணி) என்றால் 3.5 ஆம்பியர். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெளிவரும் ஹைட்ரஜன் வாயு ஒரு பொறிக்கே வெடிக்கும்.

மூன்றாவது அளவுதான் முக்கியம். காயிலுக்கு (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் பாகம்) போகும் சின்ன வயரைக் கழற்றிவிட்டு, அதாவது எஞ்சின் பிடிக்காதபடி செய்துவிட்டு, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையிலேயே மீட்டரை வையுங்கள். கேபிள் கிளிப்பின் மேல் அல்ல, ஈயக் கம்பத்தின் மேல். 9.6 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி தேறியது. 12.6-இல் இருந்து 8, 7 என்று சரிந்தால் பேட்டரி தேய்ந்திருக்கிறது, அல்லது செல்ஃப் அளவுக்கு மீறி இழுக்கிறது. வேறொரு நல்ல பேட்டரியை வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். செல்ஃப் மெதுவாகச் சுற்றும்போதும் பேட்டரி 11.5-க்கு மேலேயே நின்றால்? பேட்டரி கொடுக்கத் தயார், வழியில் எங்கோ தடை. நம் மாவட்டத்தில் மிகுதியாகக் காணும் பழுது இந்த வகைதான்.

வழியில் தடை: டெர்மினலும் எர்த்தும்

சிறிய பெட்ரோல் எஞ்சினின் செல்ஃப் சுமார் 100 முதல் 150 ஆம்பியர் எடுக்கும். டீசல் ஜீப் அதைவிட மிகக் கூடுதல். ஒரு இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தால் போதும், 150 ஆம்பியரில் 1.5 வோல்ட் அங்கேயே எரிந்துபோகும். அதே இணைப்பு வழியே ஹெட்லைட்டின் 10 ஆம்பியர் போகும்போது இழப்பு 0.1 வோல்ட்தான். “லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை” என்பதன் கணக்கு இவ்வளவுதான். மீட்டரின் ஓம் பக்கத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சாதாரண மீட்டர் 0.01 ஓமைக் காட்டாது. கரண்ட் ஓடும்போது வோல்டேஜ் எங்கே விழுகிறது என்று பார்ப்பதே வழி.

காயில் வயர் கழன்றே இருக்கட்டும். மீட்டர் டிசி 20 வோல்ட்டில். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் இப்படி வைக்க வேண்டும்:

பேட்டரி பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய முனை வரை 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலிருந்து எஞ்சின் பிளாக்கில் சுத்தமான இரும்பு வரை 0.2 வோல்ட்டுக்குள்.

கம்பத்துக்கும் அதன்மேல் மாட்டிய கிளிப்புக்கும் நடுவே 0.1-க்குள், கூடுமானால் பூஜ்யம்.

ஒவ்வொரு முறையும் சில நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். இடையே ஓரிரு நிமிடம் ஆறவிடுங்கள். அளவு கூடுதலாகக் காட்டும் பக்கத்தில் ஒவ்வொரு இணைப்பாக மீட்டரை நகர்த்திக்கொண்டே போனால், ஓரிடத்தில் இழப்பு முழுவதும் சிக்கும். அங்கேதான் உப்புத்தாள் வேலை.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றிக் கழுவுங்கள். கரைசல் செல்லுக்குள் போகாமல் மூடிகள் இறுகியிருக்க வேண்டும். காய்ந்தபின் கம்பத்தையும் கிளிப்பின் உட்புறத்தையும் ஈயம் மின்னும் வரை சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின். பூசிவிட்டு இறுக்குவது தலைகீழ் வேலை.

வெளியே சுத்தமாகத் தெரியும் கேபிளும் ஏமாற்றும். உப்புக் காற்று லக் (கேபிள் முனையில் அடித்த உலோக வளையம்) வழியாக ரப்பர் உறைக்குள் நுழைந்து செம்பைப் பச்சைப் பொடியாக்கிவிடும். லக் பக்கத்தில் கேபிளை வளைத்துப் பாருங்கள். மொறமொறவென்று இருந்தால், அல்லது செல்ஃப் அடித்ததும் தொட்டால் சுட்டால், கேபிளையே மாற்றுங்கள். பழைய லக்கை வெட்டி மீதியில் புதிய லக் அடிப்பது, உள்ளே செம்பு இன்னும் சிவப்பாக இருந்தால் மட்டும் பயன்படும்.

எல்லோரும் மறப்பது எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் ஸ்ட்ராப். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் கரண்ட் கடத்தாது. ஆகவே பின்னிய செம்புப் பட்டை ஒன்றின் வழியாகத்தான் செல்ஃபின் கரண்ட் முழுவதும் திரும்பிப் போகிறது. எஞ்சின் இறக்கி ஏற்றிய வண்டியில் அதை மாட்டாமலே விட்டிருப்பதும் உண்டு. அப்போது கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள், சோக் கேபிள் என்று கிடைத்த வழியில் பாயும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சுடுகிறது, புகைகிறது என்றால் வேறு சோதனையே வேண்டாம்.

மீட்டர் இல்லாவிட்டாலும் இதைச் சோதிக்கலாம். ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் கடித்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். செல்ஃப் திடீரென்று உற்சாகமாகச் சுற்றினால் எர்த்தான் பழுது. ஸ்ட்ராப் மாட்டும் இடத்தில் பெயின்ட், துரு இரண்டையும் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். மீன் பெட்டி ஏற்றும் ஆம்னிகளில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தரைத்தகட்டில் நிற்பதால், பாடியில் உள்ள எர்த் போல்ட்டுகளை வருடம் இருமுறையாவது கழற்றிப் பார்ப்பது நல்லது.

‘டக்’ கூட இல்லையென்றால்

சொலினாய்டில் இரண்டு பெரிய முனைகளும் ஒரு சின்ன முனையும் இருக்கும். டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைச் சின்ன முனையிலும் மாட்டிச் சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்புங்கள். பல்பு நன்றாக எரிந்தும் சொலினாய்டு இழுக்கவில்லையென்றால் சொலினாய்டு மாற்ற வேண்டியதுதான். எரியவில்லையென்றால் சுவிட்சிலிருந்து வரும் வழியில் துண்டிப்பு. மங்கலாக எரிந்தால் சுவிட்சின் உள் தொடுமுனை கரிந்திருக்கிறது. உறுதிப்படுத்த, கியர் நியூட்ரல்தானா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு வயரைச் சின்ன முனையில் தொடுங்கள். செல்ஃப் சுற்றினால் சுவிட்ச் பக்கம்தான். பெரிய முனைகள் இரண்டையும் ஸ்குரூடிரைவரால் இணைக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. பொறி பறக்கும், பக்கத்தில் பெட்ரோல் ஹோஸ் இருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

ஃபியூஸ்களையும் இப்போதே பார்க்கலாம். பத்மினியில் இருப்பது இரு முனையும் கூம்பான ஃபியூஸ். அறாமலே முனையில் பாசி பிடித்துத் தொடர்பு விட்டுப்போகும். விரலால் உருட்டிவிட்டாலே உயிர் வந்தால், ஃபியூஸை எடுத்து இரு பக்கத் தகட்டையும் சுரண்டி உள்ளே கொஞ்சம் வளைத்துவிடுங்கள்.

அம்பாசிடரின் ஒரிஜினல் வயரிங்கில் லூகாஸ் நிற முறை இருக்கும்: பழுப்பு எப்போதும் கரண்ட் உள்ளது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை ஃபியூஸ் தாண்டி வருவது, கறுப்பு எர்த். யாராவது ரீவயரிங் செய்திருந்தால் நிறத்தை நம்பாதீர்கள். பாட்டு செட், ஃபாக் லைட், திருட்டு அலாரம் என்று பின்னால் சேர்த்தவற்றைத் தேடிப் பாருங்கள். முறுக்கி டேப் சுற்றிய ஒவ்வொரு இடமும் சந்தேகத்துக்குரியது. மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியில் எலி கடித்த வயரும் இருக்கலாம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

பிளக் வயர் ஒன்றைக் கழற்றி, கையில் உள்ள நல்ல பிளக்கை அதில் மாட்டி, பிளக்கின் உடம்பை எஞ்சினில் அழுத்தமாக வைத்துச் செல்ஃப் அடியுங்கள். பிளக்கைக் கையால் பிடிக்காமல் கிளிப்பால் நிறுத்துங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவு கூடாது. நீலப் பொறி சொடுக்கென்று அடித்தால் கரண்ட் பக்கம் சரி, பெட்ரோல் பக்கம் போங்கள். மஞ்சளாக, சோர்ந்து வந்தால் அல்லது வராவிட்டால் பின்னோக்கித் தேடுங்கள்.

சாவி ஆனில் காயிலின் பாசிட்டிவ் முனையில் லாம்ப் எரிய வேண்டும். எரிந்தால் லாம்பை நெகட்டிவ் முனைக்கு மாற்றிச் செல்ஃப் அடியுங்கள்; மினுக்மினுக்கென்று விட்டுவிட்டு எரிய வேண்டும். எரிந்தே நின்றால் பாயின்ட் (காயிலின் கரண்டை விட்டுவிட்டு வெட்டும் தொடுமுனை) மூடவில்லை அல்லது அதன் முகம் கரிந்திருக்கிறது. எரியவே இல்லையென்றால் பாயின்ட் திறக்கவில்லை, கண்டன்சர் (பாயின்ட் கரியாமல் காக்கும் சிறிய பாகம்) ஷார்ட், அல்லது டெல்கோவுக்குள் (டிஸ்ட்ரிபியூட்டர்) போகும் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது.

பாயின்ட்டைச் சுத்தம் செய்து, கேம் முழுதாகத் தூக்கியிருக்கும் நிலையில் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் வையுங்கள். உங்கள் வண்டியின் கையேட்டு அளவு வேறானால் அதுவே சரி. சுத்தம் செய்து சில நாளிலேயே முகம் திரும்பக் கரிந்து மேடு விழுந்தால் கண்டன்சரை மாற்றுங்கள். காயிலைக் கழற்றி அளந்தால், பேலஸ்ட் (காயிலுக்கு முன் வைக்கும் ரெசிஸ்டர்) இல்லாத வகையில் பிரைமரி, அதாவது இரு சின்ன முனைகளுக்கு நடுவே, சுமார் 3 ஓம், பேலஸ்ட் உள்ளதில் சுமார் 1.5 ஓம். ஆனால் குளிர்ந்த காயில் சரியாகக் காட்டியும் சூட்டில் கைவிடலாம். நாகர்கோவிலில் புறப்பட்டுத் தக்கலை தாண்டியதும் அணைந்து, ஆறியபின் ஒன்றும் நடக்காததுபோல் பிடிக்கும் வண்டியில் காயிலையோ கண்டன்சரையோ முதலில் மாற்றிப் பார்க்கலாம். எஞ்சின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுப் போவதும் காயிலைச் சுட வைக்கும்.

இரண்டு அறிகுறிகள் உடனே விடை தருபவை. செல்ஃப் அடிக்கும்போது பிடித்து, சாவியை விட்டதும் அணைந்தால் பேலஸ்ட் ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது, அல்லது சுவிட்சின் ஆன் பக்கத் தொடுமுனை போயிருக்கிறது. மாறாக, அடிக்கும்போது ஒன்றுமில்லாமல் சாவியை விடும் நொடியில் மட்டும் ஒரு உதறல் கொடுத்தால், ஸ்டார்ட் நிலையில் காயிலுக்குக் கரண்ட் வரவில்லை.

மழைக்காலக் காலைகளில் இத்தனையும் தேவைப்படாது. டெல்கோ மூடியைக் கழற்றி உட்புறத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். நடுவில் உள்ள சின்னக் கார்பன் குச்சி ஸ்பிரிங்கில் துள்ளுகிறதா, ரோட்டர் வெடித்திருக்கிறதா, மூடியில் பென்சில் கோடுபோல் கரிக்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். கோடு இருந்தால் மூடியை மாற்ற வேண்டும், துடைத்துப் போகாது. இருட்டில் பானட்டைத் திறந்து செல்ஃப் அடித்தால், கசியும் பிளக் வயரில் நீலப் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும்.

இன்ஜெக்‌ஷன் மாருதி 800-இல் சாவி போட்டதும் செக் எஞ்சின் லைட் எரிந்து, பின்னால் பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி ரீங்கரிக்க வேண்டும். லைட்டே வராவிட்டால் ஈசியூவுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கரண்ட் இல்லை: மெயின் ஃபியூஸ், மெயின் ரிலே, எர்த். ஈசியூ வயர்களில் 21 வாட் லாம்பை வைக்காதீர்கள். அங்கே மீட்டர் மட்டும். டீசல் வண்டியில் ஸ்டாப் சொலினாய்டு இருந்தால், சாவி போடும்போது பம்ப் பக்கம் ‘டிக்’ கேட்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு ஹீட்டர் பிளக் போனதால் மட்டும் எஞ்சின் பிடிக்காமல் போவது அபூர்வம்.

ஸ்டார்ட் ஆனது, மறுநாள் திரும்பவும் டவுன்

எஞ்சின் ஓடும்போது, சுமார் 1500 ஆர்பிஎம்மில், பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் ஆல்டர்னேட்டர் பெல்ட், கார்பன், கட்அவுட் (சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்) என்று பாருங்கள். டைனமோ வண்டிகளில் ஐடிலில் சார்ஜ் லைட் மினுக்குவது இயல்பு. வேகம் கூட்டியும் அணையாவிட்டால்தான் பழுது.

சார்ஜ் சரியாக இருந்தும் இரவில் இறங்கினால், சாவியை எடுத்து எல்லாக் கதவையும் மூடி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் கம்பத்துக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். அந்த நிலையில் தவறியும் செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும். 0.05 ஆம்பியருக்கு மேல் காட்டினால் கசிவு. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது விழுகிறதோ அந்த வழிதான். எல்லாவற்றையும் பிடுங்கியும் குறையாவிட்டால் ஆல்டர்னேட்டரின் பெரிய வயரைக் கழற்றிப் பாருங்கள்; உள்ளே டயோடு கசிந்தால் அங்கே விழும்.